மச்சான் மேல் புகார் இருக்கும்போது கவுன்சில் நாற்காலி: ஒரு மருந்தாளுநருக்குப் பதில்

கேள்வி:

"வக்கீல் அண்ணாவுக்கு வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் 15 வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். டி.பார்ம் படித்து முறையாகப் பதிவு செய்தவன். மாநில பார்மசி கவுன்சில் தேர்தல் வந்தால் நிற்கச் சொல்லி எங்கள் சங்கத்தார் சொல்கிறார்கள். என் பெரியப்பா மகன் கட்சியில் இருக்கிறார். 'தேர்தல் எதுக்கு, ஊர் ஊராப் போய் ஓட்டுக் கேக்கோணும், நான் சொல்லி நியமன உறுப்பினராவே போட வெக்கறேன்' என்கிறார். எந்த வழி நல்லது? நியமனத்தில் போனால் ஆட்சி மாறியதும் தூக்கிவிடுவார்களா? இன்னொரு விஷயம். என் மனைவியின் அண்ணன் ஈரோட்டில் மருந்தாளுநர். சர்டிபிகேட்டை ஒரு கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தார் என்று அவர்மேல் கவுன்சிலுக்குப் புகார் போயிருக்கிறது. நான் உள்ளே இருக்கும்போது அது விசாரணைக்கு வந்தால் என்ன செய்வது? அந்த அஞ்சு நிமிடம் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டு வந்தால் போதும் என்கிறார்கள். கடை போடுவதற்கு முன்னால், படித்து முடித்த புதிதில், என் சர்டிபிகேட்டும் ஒரு வருடம் சித்தோட்டில் ஒரு கடையில் மாட்டியிருந்தது. யாரும் புகார் தரவில்லை. அதுவும் இடைஞ்சல் ஆகுமா?"

பதில்:

தம்பி, அந்தக் கடைசி மூன்று வரியை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. எழுதினீர்கள், நல்லது. கோபாலபுரத்தில் என் ஆபீசுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எல்லாம் பேசி முடித்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு, வாசப்படியில் நின்றுதான் "இன்னொண்ணு சொல்ல மறந்துட்டனுங்க" என்று ஆரம்பிப்பார்கள். கேஸே அந்த இன்னொன்றில்தான் இருக்கும். உங்கள் கடைசி வரிக்கு நானும் கடைசியில் வருகிறேன்.

முதலில் சங்கம் வேறு, கவுன்சில் வேறு என்பதைப் பிரித்துக்கொள்வோம். உங்கள் கடிதம் முழுக்க 'நம்ம ஆளுங்களுக்கு ஏதாச்சும் செய்யலாம்' என்கிற தொனி ஓடுகிறது. நம்ம ஆளுங்களுக்குச் செய்யத்தான் சங்கம் இருக்கிறது. மார்ஜின் குறைகிறது, ஆன்லைனில் மருந்து விற்கிறார்கள் என்றால் சங்கத்தில் பேசலாம், மனுக் கொடுக்கலாம், ஒருநாள் கடையடைப்புக்கூட நடத்தலாம். கவுன்சிலின் வேலை அதுவல்ல. யார் மருந்தாளுநர் என்று பதிவேட்டில் எழுதுவதும், எழுதத் தகாதவர் பெயரை அடிப்பதும்தான் அதன் வேலை. யாருக்காக என்றால், உங்கள் கடைக் கவுண்டருக்கு வெளியே டாக்டர் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்து நிற்கிறாரே ஒரு பாட்டி, அவருக்காக.

இந்த இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. வட கரோலினா மாநிலத்தில் பல் மருத்துவத் தொழிலுக்கு லைசென்ஸ் கொடுக்கும் போர்டில் எட்டுப் பேர். ஆறு பேர் பல் மருத்துவர்களே ஓட்டுப் போட்டு அனுப்பிய பல் மருத்துவர்கள், ஒருவர் பல் சுகாதாரப் பணியாளர், ஒரே ஒருவர்தான் பொதுமக்கள் சார்பில் ஆளுநர் நியமித்தவர். மால்களில் பல் மருத்துவர் அல்லாதவர்கள் குறைந்த காசுக்குப் பல்லை வெண்மையாக்கித் தர ஆரம்பித்தார்கள், பல் மருத்துவர்கள் போர்டிடம் புலம்பினார்கள், போர்டும் 'உடனே நிறுத்து' என்று குறைந்தது 47 கடிதங்கள் அனுப்பியது. 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொழிலில் இருப்பவர்களே பெரும்பான்மையாக உட்கார்ந்துகொண்டு, அரசின் நேரடி மேற்பார்வையும் இல்லாமல் போட்டிக்காரர்களை அடக்கினால், 'நாங்கள் அரசு அமைப்பு' என்ற பாதுகாப்பு கிடைக்காது என்று சொல்லிவிட்டது. போர்டு சங்கமாக நடந்துகொண்டதுதான் அங்கே வினை.

சரி, நம் ஊருக்கு வருவோம். உங்களை ஆளும் சட்டம் 1948-ஆம் ஆண்டுப் பார்மசி சட்டம். அதில் பிரிவு 19-ஐ ஒரு மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம், உட்கார்ந்து படியுங்கள். மாநிலக் கவுன்சிலுக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்புவது ஆறு பேர். மாநில அரசு நியமிப்பது ஐந்து பேர், அதில் குறைந்தது மூன்று பேர் பார்மசி படித்தவர்களாகவோ பதிவு பெற்ற மருந்தாளுநர்களாகவோ இருக்க வேண்டும். மாநில மருத்துவக் கவுன்சில் தன் உறுப்பினர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். மிச்சம் மூன்று பேர் பதவிவழி உறுப்பினர்கள்: மாநிலத்தின் தலைமை மருத்துவ நிர்வாக அதிகாரி, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமை அதிகாரி, அரசு மருந்துப் பகுப்பாய்வாளர். கூட்டிப் பாருங்கள், 15 வரும். 'ஆறு சீட்டையும் நம்ம பேனல் அடிச்சா கவுன்சிலே நம்ம கையில்' என்று சங்கத்தில் யாராவது சொன்னால், 15-ல் ஆறு எப்படிப் பெரும்பான்மை ஆகும் என்று கேளுங்கள். அது வேண்டுமென்றே அப்படி வைத்த கணக்கு. அரசு நியமிக்கும் ஐந்தில் இரண்டு இடத்துக்குப் பார்மசி படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மருந்து வாங்குகிற பக்கத்திலிருந்து ஒருவரை அங்கே உட்கார வைத்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். ஆனால் அந்த இரண்டு இடத்துக்கும் என்ன போட்டி நடக்கும் என்று உங்கள் பெரியப்பா மகனுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

நியமனமா தேர்தலா என்றால், சட்டத்தின் கண்ணில் உள்ளே போனபிறகு பெரிய வித்தியாசம் இல்லை. இருவருக்கும் ஒரே ஓட்டு. தலைவரையும் துணைத் தலைவரையும் உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள், நியமனத்தில் வந்தவரும் நிற்கலாம். பதவிக்காலம் இருவருக்கும் ஐந்து வருடம், மறுபடியும் வரலாம். காரணமில்லாமல் அடுத்தடுத்து மூன்று கூட்டங்களுக்கு வராவிட்டால் இருவருக்குமே பதவி காலி, காரணம் போதுமானதா என்று கவுன்சில்தான் பார்க்கும்.

தேர்தலில் வந்தவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு கண்ணி இருக்கிறது. பதிவு பெற்ற மருந்தாளுநராக இருப்பது நின்றுபோனால் அந்த நிமிடமே பதவியும் போய்விடும். 'அது எப்படி எனக்கு நிற்கும்' என்று கேட்பீர்கள். புதுப்பிப்புக் கட்டணத்தைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் பதிவாளர் பெயரை நீக்க வேண்டும், பிரிவு 34 அதைத்தான் சொல்கிறது. பணம் கட்டினால் பெயர் திரும்ப ஏறும், ஆனால் போன பதவி கூடவே திரும்பி வராது. கடை லைசென்சுக்குத் தேதி பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள் சொந்தப் பதிவை மறந்து கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேட்புமனு போடும் நாளில் எதிர் பேனல்காரர் முதலில் தோண்டுவது அந்த ரசீதைத்தான். இன்றைக்கே பீரோவைத் திறந்து தேதியைப் பாருங்கள்.

வேட்புமனு, வாக்குச்சீட்டு, எண்ணிக்கை நடைமுறையெல்லாம் சட்டத்தில் இருக்காது, மாநில அரசு வகுத்த விதிகளில் இருக்கும், அதன் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேர்தலில் தகராறு வந்தால் மாநில அரசுக்குப் போக வேண்டும், அதன் முடிவே இறுதி என்கிறது பிரிவு 24. ஐந்து பேரை நியமிக்கிற அதே அரசு ஆறு பேரின் தேர்தல் வழக்குக்கும் தீர்ப்புச் சொல்கிறது! எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் எழுதியிருப்பது அப்படித்தான். இறுதி என்று எழுதியிருந்தாலும் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுகிற வழி அடைபடாது.

ஆட்சி மாறினால் தூக்குவார்களா என்று கேட்டிருந்தீர்கள். 1993-ல் உத்தரப் பிரதேசத்தில் நகராட்சிக்கு நியமிக்கப்பட்ட உறுப்பினர்களை அரசு நீக்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லும் என்றது. அதைச் சொல்லித்தான் பலரும் பயமுறுத்துவார்கள். ஆனால் அங்கே சட்டத்திலேயே 'அரசு விரும்பும்வரை' பதவி என்று இருந்தது. பார்மசி சட்டத்தில் அந்தச் சொல் கிடையாது, ஐந்து வருடம் என்று கெடு போட்டு, பதவி எப்போதெல்லாம் காலியாகும் என்பதையும் தனியாகச் சொல்லியிருக்கிறது. நியமிக்கிறவருக்கு நீக்கவும் அதிகாரம் உண்டு என்று பொதுவான சட்ட விதி ஒன்று இருந்தாலும், சம்பந்தப்பட்ட சட்டம் வேறு எண்ணத்தைக் காட்டினால் அது பொருந்தாது. ஆகவே நினைத்தபோது தூக்க முடியாது என்பது என் கருத்து. நடைமுறை வேறு. உத்தரவு போட மாட்டார்கள், போன் வரும். "அண்ணா, ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருங்க, கௌரவமாப் போயிரும்" என்பார்கள், சிபாரிசில் வந்தவருக்கு அந்தப் போனை மறுக்கத் தெம்பு இருக்காது. ஓட்டு வாங்கி வந்தவருக்கு அந்தப் போனே வராது. நான் தேர்தல் வழியைச் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐந்து வருடம் 'அல்லது அடுத்தவர் வரும்வரை, எது நீளமோ அது' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அடுத்த தேர்தலே நடத்தாமல் இழுத்தால் இருப்பவர் இருந்துகொண்டே இருக்கலாம். எங்கள் வக்கீல்கள் சட்டத்தில், 1961-ஆம் ஆண்டு அட்வகேட்ஸ் சட்டத்தில், மாநில பார் கவுன்சில் ஐந்து வருடத்துக்குள் தேர்தல் நடத்தாவிட்டால் அகில இந்திய பார் கவுன்சில் ஆறு மாதம்வரை நீட்டிக்கலாம், அதற்கும் நடத்தாவிட்டால் சிறப்புக் குழு வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று இருக்கிறது. நாங்கள் யோக்கியர்கள் என்று சொல்லவில்லை. எங்களை நம்பாமல் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் சொல்கிறேன்.

இனி உங்கள் மச்சான் விஷயம். உங்களுக்கு இது மூன்றாவது கேள்வி, எனக்கு இதுதான் முதல் கேள்வி.

பார்மசி சட்டத்தில் 'உறவினர் விவகாரம் வந்தால் உறுப்பினர் விலக வேண்டும்' என்று ஒரு வரியும் இல்லை. எழுதாத விதி அது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகக் கூடாது என்பதை எந்தச் சட்டத்திலும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நீதிமன்றம் எல்லாச் சட்டத்துக்குள்ளும் அதை வைத்துத்தான் படிக்கும். நம்ம பக்கம் கிணற்றுத் தண்ணீர் முறைக்குப் பஞ்சாயத்துப் பேசினால், தன் பங்காளி சம்பந்தப்பட்டிருந்தால் பெரிய மனுசன் திண்ணையிலிருந்து இறங்கி வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். யாரும் சட்டப் புத்தகம் காட்டி இறக்குவதில்லை.

'அஞ்சு நிமிடம் வெளியே போனால் போதும்' என்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கு 1969-ஆம் ஆண்டு கிரைபாக் வழக்கைச் சொல்லுங்கள். ஜம்மு காஷ்மீரில் மாநில வன அதிகாரிகளிலிருந்து இந்திய வனப் பணிக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வுக் குழுவில் ஒரு மூத்த வன அதிகாரி உறுப்பினர். அதே அதிகாரி விண்ணப்பதாரரும்கூட. தன் பெயர் வந்தபோது ஒழுங்காக எழுந்து வெளியே போனார். தன்னோடு போட்டி போட்டவர்கள் பெயர் வந்தபோது உட்கார்ந்திருந்தார். உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வையே ரத்து செய்தது. அவர் மனதில் என்ன இருந்தது என்று நீதிமன்றம் ஆராயப் போகவில்லை, பாரபட்சம் வர நியாயமான வாய்ப்பு இருந்ததா என்று மட்டும் பார்த்தது. 1984-ல் ஒரிசாவில் பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் தேர்வு செய்யும் குழுவில் நூலாசிரியர்களே உட்கார்ந்திருந்த வழக்கிலும், தன் புத்தகம் வரும்போது மட்டும் விலகினால் சரியாகிவிடாது என்றுதான் சொன்னார்கள்.

மறுநாளே யாராவது 1985-ஆம் ஆண்டு அரியானா பணியாளர் தேர்வாணைய வழக்கை எடுத்துக் காட்டுவார். அங்கே உறுப்பினரின் உறவினர் நேர்முகத்துக்கு வந்தால் அந்த உறுப்பினர் அந்த நேரம் முழுக்க விலகி இருந்தால் போதும் என்றார்கள். உண்மைதான். ஆனால் தேர்வாணையம் அரசியலமைப்புச் சட்டத்தின்படி அமைந்தது, மாற்று ஆள் போட முடியாது என்பதால் கொடுத்த சலுகை அது. அதிலும் எழுந்து போனால் மட்டும் போதாது, அந்த உறவினரைப் பற்றிய எந்தப் பேச்சிலும் கலக்கக் கூடாது, மதிப்பெண்ணும் அவருக்குத் தெரியக் கூடாது என்றார்கள். 15 பேர் கவுன்சிலில் நீங்கள் ஒருவர் விலகினால் குடி முழுகிப் போகாது.

உங்கள் சமாச்சாரத்தில் அஞ்சு நிமிடக் கணக்கு எங்கே உடையும் என்று காட்டுகிறேன். பிரிவு 36-இன்படி பெயரை நீக்கும் உத்தரவை முதலில் போடுவது கவுன்சில் உறுப்பினர்களில் சிலர் மட்டும் அடங்கிய செயற்குழு, குற்றம் சாட்டப்பட்டவரை விசாரித்துவிட்டுத்தான் போட முடியும். அந்த உத்தரவை முழுக் கவுன்சில் உறுதிசெய்ய வேண்டும். உறுதிசெய்த தேதியிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் அது அமலுக்கு வரும். உறுதியானது தனக்குத் தெரிவிக்கப்பட்ட 30 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர் மாநில அரசிடம் முறையிடலாம். ஆக, நீங்கள் செயற்குழுவில் இல்லாவிட்டாலும் மச்சான் ஃபைல் ஒருநாள் உங்கள் மேசைக்கு வந்தே தீரும். செயற்குழுவில் இருந்தால் இரண்டு முறை வரும். அதுகூடப் பரவாயில்லை, இரண்டு முறை எழுந்து போகலாம். அதே கூட்டத்தில் இன்னும் நான்கு பேர் மேல் இதேமாதிரி வாடகை சர்டிபிகேட் புகார் இருக்கும். அவர்களுக்குப் பெயர் நீக்கமா, எச்சரித்து விடுவதா, நீக்கினால் எத்தனை வருடம் என்று அளவுகோல் வைக்கிறபோது நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். "பாவம், குடும்பஸ்தர், இந்த ஒருதடவை விட்டுரலாமுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பீர்கள். அந்த அளவுகோல் அப்படியே அடுத்த மாதம் மச்சானுக்கும் வந்து நிற்கும். காஷ்மீர்க்காரர் செய்ததும் இதைத்தான்.

எங்கள் அனுபவம் ஒன்று. எந்தக் கவுன்சில், எந்தத் தொழில் என்று சொல்ல மாட்டேன். பொள்ளாச்சிப் பக்கத்து ஆள் ஒருவர் பெயரை நீக்கிவிட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கூட்ட மினிட்ஸ் நகல் வாங்கினோம். மூன்று தாள். வருகைப் பதிவில் ஏழு கையெழுத்து, ஆறு நீலம், ஒன்று மட்டும் பச்சை மை. பச்சை மை யாரென்று பார்த்தால் எங்கள் ஆளுக்கு எதிர்வாடையில் அதே தொழில் செய்கிறவர். அவர் பின்னால் பிரமாணப் பத்திரத்தில், அந்த விஷயம் வந்தபோது நான் டீ குடிக்க வெளியே போயிருந்தேன் என்றார். போயிருக்கலாம். நேரில் பார்த்தபோது எனக்கே அவரை நம்பத் தோன்றியது. ஆனால் மினிட்ஸில் 'உறுப்பினர் வெளியேறினார்' என்று இல்லை, 'ஒருமனதாக' என்றுதான் இருந்தது. உத்தரவு அடிபட்டு, புதிதாக விசாரிக்கச் சொல்லித் திரும்பிப் போனது. அதற்குள் மூன்று வருடம். எங்கள் ஆள் உண்மையிலேயே தப்புச் செய்தவரா இல்லையா என்று யாரும் அன்றுவரை முடிவு சொல்லவில்லை.

கவுன்சில் அமைப்பில் குறை இருக்கிறது, இடம் காலியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அதன் செயலைக் கேள்வி கேட்க முடியாது என்று பிரிவு 25-ல் ஒரு பாதுகாப்பு உண்டு. அதைக் காட்டி யாராவது தைரியம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆள் குறைந்தது வேறு, ஒருபக்கம் சாய்ந்த ஆள் உட்கார்ந்தது வேறு.

இதையெல்லாம் எழுதி வைத்தால்தான் என்ன என்று கேட்பீர்கள். எழுதி வைத்த இடமும் உண்டு, அடிபட்ட பிறகு. 2010 ஏப்ரலில் அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் தலைவரை லஞ்சப் புகாரில் சி.பி.ஐ. கைது செய்தது, அடுத்த மாதமே கவுன்சில் கலைக்கப்பட்டது. கடைசியில் 2019-ல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தது, 2020 செப்டம்பர் 25 முதல் பழைய கவுன்சிலே இல்லை. புதிய சட்டத்தில் ஆட்களைப் பரிந்துரைக்க அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் தேடல் குழு, நான்கு வருடத்துக்கு மேல் பதவி கிடையாது. உறுப்பினர்கள் சேரும்போதும் விலகும்போதும் சொத்து, கடன் கணக்கைக் காட்ட வேண்டும், தொழில் தொடர்புகளைச் சொல்ல வேண்டும், அது இணையதளத்தில் வெளியாக வேண்டும். தான் கையாண்ட விவகாரத்தில் சம்பந்தப்பட்ட தனியார் மருத்துவ நிறுவனத்தில் பதவி முடிந்து இரண்டு வருடம் வேலைக்குச் சேரக் கூடாது. பார்மசிக்கும் இதேமாதிரி ஓர் ஆணையம் கொண்டுவர 2023-ல் மசோதா வரைவு ஒன்றைக் கருத்துக் கேட்க வெளியிட்டார்கள். அது சட்டமானால் மேலே நான் சொன்ன 15 பேர் கணக்கும் மாறும்.

ஆகவே என் யோசனை: மச்சான் புகார் ஒரு முடிவுக்கு வரும்வரை காத்திருந்துவிட்டு நில்லுங்கள். அதற்குள் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது, விட மனசில்லை என்றால் நில்லுங்கள், ஆனால் ஜெயித்த முதல் வாரத்திலேயே பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதி, இன்னார் எனக்கு இன்ன உறவு, அவர் விவகாரத்தின் தாள்கள் எனக்கு அனுப்பப்படக் கூடாது என்று ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். செயற்குழுவுக்குப் போட்டியிடாதீர்கள். வாடகை சர்டிபிகேட் சம்பந்தப்பட்ட எந்தப் புகார் வந்தாலும், மச்சான் கதை முடியும்வரை, அறையை விட்டு வெளியே போங்கள், எத்தனை மணிக்கு வெளியே போனீர்கள், எப்போது திரும்பி வந்தீர்கள் என்று மினிட்ஸில் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் மினிட்ஸை உறுதிசெய்யும்போது அந்த வரி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கிளார்க் விட்டுவிடுவார், கெட்ட எண்ணத்தில் இல்லை, பழக்கத்தில்.

சட்டத்தைவிடக் கஷ்டமானது வீடு. கோபியில் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பீர்கள், பக்கத்து இலையில் மாமனார். "மாப்ள, நீங்கதான் உள்ளயே இருக்கறீங்களே, ஒரு வார்த்தை சொன்னா ஆகாதுங்களா" என்று பாயசம் ஊற்றும்போது கேட்பார். அங்கே கிரைபாக் வழக்கைச் சொல்ல முடியாது. வேட்புமனு போடும் முன்பே மனைவியிடமும் மச்சானிடமும் உட்கார்ந்து, நான் உள்ளே போனால் உங்களுக்கு உதவி குறையுமே தவிர கூடாது என்று சொல்லிவிடுங்கள். வெளியே இருந்தால் மச்சானுக்கு ஒரு நல்ல வக்கீல் பிடித்துக் கொடுக்கலாம், அவரோடு சென்னைக்குத் துணையாகப் போகலாம். உறுப்பினர் ஆகிவிட்டால் அதுவும் முடியாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், லஞ்ச ஒழிப்புச் சட்டம் 'பொது ஊழியர்' என்பதற்குப் பொதுக் கடமை ஆற்றும் பதவி வகிப்பவரையும் சேர்த்துத்தான் பொருள் சொல்கிறது. மச்சான் விஷயத்தில் எவரோ காசு கைமாற்றி அதில் உங்கள் பெயர் அடிபட்டால், 'எனக்குத் தெரியாதுங்க' என்று கோர்ட்டில் நிரூபிக்க வருடங்கள் ஆகும்.

சித்தோடு சர்டிபிகேட்டுக்கு வருவோம். பிரிவு 19-இல் அதனால் உங்களுக்குத் தேர்தலில் நிற்கத் தடை எதுவும் இல்லை. ஆனால் இத்தனை வருடத்துக்குள்தான் புகார் வர வேண்டும் என்று பிரிவு 36-இலும் கெடு இல்லை. அவ்வளவு பழைய விஷயத்தை நீதிமன்றங்கள் ஆர்வத்தோடு பார்க்காது, சாட்சியும் கிடைக்காது. நீங்கள் நின்றால் எதிர் பேனல் அந்தக் கடைக்காரரைத் தேடிப் போகும், அது நிச்சயம். விண்ணப்பத்திலோ உறுதிமொழியிலோ அதைப் பற்றிக் கேள்வி இருந்தால் உள்ளதை எழுதுங்கள், கேட்காத இடத்தில் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்தில் உங்களை நிற்கச் சொல்கிறவர்களிடம் மட்டும் இதை இப்போதே சொல்லிவிடுங்கள், அப்புறமும் அவர்கள் நில்லுங்கள் என்றால் பார்க்கலாம். இரண்டு வீட்டிலும் ஒரே தப்பு நடந்திருக்கிறது, மச்சான் மாட்டினார், நீங்கள் மாட்டவில்லை. அந்த மேசையில் இதே புகார் வரும்போது உங்களால் நிமிர்ந்து உட்கார முடியுமா என்பதை நான் சொல்ல முடியாது.

புதுப்பிப்பு ரசீது, உங்கள் பதிவுச் சான்று நகல், மச்சானுக்கு நோட்டீஸ் வந்திருந்தால் அதன் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். வருவதற்கு முன் இதையும் யோசித்து வையுங்கள். கவுன்சில் கூட்டம் சென்னையில். முந்தின நாள் ராத்திரி ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் கூட்டம், அன்று ராத்திரியே திரும்ப ஏறினாலும் அதற்கடுத்த காலைதான் ஊர். டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநர் தானே கொடுக்க வேண்டும் அல்லது அவர் நேரடிக் கண்காணிப்பில் கொடுக்க வேண்டும் என்கிறது மருந்து விதிகளில் 65. உங்கள் கடையில் பதிவு பெற்றவர் நீங்கள் ஒருவர்தான் என்று எழுதியிருக்கும் என நினைக்கிறேன். நீங்கள் கவுன்சிலில் உட்கார்ந்திருக்கும் அந்த நாளில் கோபிக் கடையின் சட்டரை யார் தூக்குவார், உள்ளே யார் நிற்பார்?